வீட்டு வளவுக்குள் ஒரு வெல்டிங் பட்டறை

போர் முடிந்த பின்னர் வன்னியில் எழும்பிய வீடுகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பமானது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை என்று குடும்பம் தானே நின்று கட்டி முடிக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வந்த திட்டங்களும் ஏறக்குறைய இதே அச்சில்தான் அமைந்தன. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி, மலசலகூடம். தகரக் கொட்டிலில் கோடையும் மாரியும் கழித்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். ஆகவே குறை சொல்ல வரவில்லை. ஆனால் சமூகவியல் படித்த பழக்கதோஷமோ என்னவோ, ஒரு வீட்டின் வரைபடத்தைக் கண்டால் எனக்கு ஒரு கேள்வி எழும். இந்த வீட்டுக்காரர் என்ன தொழில் செய்து சாப்பிடப் போகிறார்கள்? வரைபடத்தில் அதற்கு ஒரு மூலையும் இருப்பதில்லை.

தையல் மெஷின் என்றால் யன்னலோரமாக வைத்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூள் பைக்கற் பண்ணுவதென்றால் மண்டபத்தில் பாய் விரித்துச் செய்யலாம். இரும்பு வேலை அப்படிப்பட்டதல்ல. அதில் நெருப்புப் பொறி பறக்கும், புகை வரும், பக்கத்து வளவு வரை சத்தம் கேட்கும். ஆயினும் அண்மைய ஆண்டுகளில் சந்தியில் வாடகைக் கடையில் நடந்த பல வெல்டிங் கடைகள் வீட்டு வளவுகளுக்கு வந்துவிட்டன. 2022ஆம் ஆண்டு நெருக்கடிதான் காரணம். அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டது. மின்சாரம் இல்லாவிட்டால் வெல்டிங் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வாடகை மட்டும் நின்றபாடில்லை.

அவ்வாறு கடையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு குடும்பத்துடன் கடந்த சில காலமாக நான் பழகி வருகிறேன். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்று. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டபடியால் அக்கா என்றும் அண்ணர் என்றும் எழுதுகிறேன். சந்தியில் பதினொரு வருடம் கடை நடத்தியவர்கள். அக்காவின் தாயார் எழுதிக்கொடுத்த காணியில் 2023இல் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார்கள். அதே கையோடு கடையையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். கேற், யன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்ராண்ட், கோழிக்கூடு, லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்கு ஒட்டு. இவைதான் வேலை.

முதல் நாள் குடும்ப விபரப் படிவம் நிரப்பும்போது அக்காவிடம் தொழில் என்ன என்று கேட்டேன். "நான் சும்மா வீட்டிலதான் மிஸ். அவருக்குக் கூட நிண்டு குடுக்கிறனான்" என்றார். அந்தச் "சும்மா"வுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று நான் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தேன். பைப் அளந்து குறி போடுவது அக்கா. அண்ணர் ஒட்டும்போது மறு முனையைச் சரிபார்த்துப் பிடிப்பது அக்கா. ஒட்டின இடத்தைக் கிரைண்டரால் உரஞ்சி மட்டமாக்குவதும், றெட் ஒக்சைட் அடிப்பதும், அதன்மேல் பெயின்ற் அடிப்பதும் அவரே. கணக்குக் கொப்பி அவரிடம். நிலுவைக் காசு கேட்டு சைக்கிளில் போவதும் அவர். இடையில் சோறும் கறியும். படிவத்தில் "வீட்டுப் பணி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இது புதிதும் அல்ல. எங்கள் ஊர்க் கம்மாலைகளிலே துருத்தி ஊதியதும், அண்ணன் தம்பி இல்லாத நேரத்தில் பெரிய சுத்தியல் பிடித்து அடித்ததும் அந்த வீட்டுப் பெண்கள்தானே! அன்று அது ஒரு சாதிக்குரிய தொழிலாக ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று வெல்டிங்கை யாரும் படிக்கலாம், யாரும் செய்யலாம். அந்த வேலி விழுந்துவிட்டது. பெண்ணின் வேலையைக் கணக்கில் எடுக்காத வேலி மட்டும் அப்படியே நிற்கிறது.

பட்டறையை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் முதல் பேச்சுவார்த்தை நடந்தது. அண்ணருக்கு முன் விறாந்தை. வீதியால் போகிறவருக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் வேலை வரும் என்பது அவருடைய நியாயம். அக்காவுக்கோ மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், சின்னவனுக்கு ஐந்து வயது. முன் விறாந்தையில் பட்டறை என்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே நெருப்பைத் தாண்டித்தான். இரண்டு பேரும் சொல்வது சரி. கடைசியில் தீர்ப்புச் சொன்னது காற்று.

எங்கள் பகுதியில் காற்றுக்கு இரண்டு வழி. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். பட்டறையை வீட்டுக்குத் தென்மேற்கிலோ வடகிழக்கிலோ வைத்தால் வருடத்தில் பாதிக் காலம் புகை வீட்டுக்குள்தான். மற்ற இரண்டு மூலைகள், அதாவது தென்கிழக்கும் வடமேற்கும், ஓரளவு தப்பும். தென்கிழக்கைப் பழைய ஆட்கள் அக்கினி மூலை என்பார்கள். சாஸ்திரத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. ஆனால் நெருப்பை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னவர் காற்றையும் கவனித்திருப்பார் என்றே எண்ணுகிறேன். ஒரேயொரு சிக்கல், குசினியும் அதே மூலையில்தான் இருக்கிறது. ஆகவே பட்டறைக் கொட்டில் குசினியிலிருந்து நன்றாக விலகி, வளவின் கரையோரமாகப் போயிற்று. வீதிக்குத் தெரியும்படி ஒரு பலகை கேற்றிலே தொங்குகிறது. அண்ணரே இரும்பில் எழுத்து வெட்டி ஒட்டியது.

கொட்டிலுக்குக் கிடுகு வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொன்னேன். கிரைண்டரின் பொறி பல அடி தூரம் பறக்கும். காய்ந்த கிடுகு வேலியில் ஒரு பொறி ஒளிந்திருந்து, ஆட்கள் சாப்பிடப் போன பிறகு பற்றிய கதைகள் ஊரில் உண்டு. தகரக் கூரை, சீமெந்து நிலம், இரண்டு பக்கம் திறப்பு. பக்கத்தில் ஒரு வாளி மண்ணும் ஒரு வாளி தண்ணீரும். மின்சாரம் உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும் என்பதைச் சின்னவனுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து அரை மணித்தியாலமாவது ஒருவர் அந்தப் பக்கம் கண் வைத்திருப்பது நல்லது.

வெல்டிங் வெளிச்சத்தைப் பற்றிச் சகோதரிகள் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஒட்டுகிறவர் முகமூடி போட்டிருப்பார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்! அந்த வெளிச்சத்தில் புறஊதாக் கதிர் இருக்கிறது. அது கண்ணின் மேற்படலத்தைச் சுடும். சுடும்போது ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்து, அநேகமாக நடு இரவில், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல அரிக்கும்; கண்ணீர் ஓடும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வெட்டி வைப்பது என்று ஊரில் பல வைத்தியம். தயவு செய்து கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் ஒட்டுகிறவருக்கு உள்ளது போலவே இலக்கம் 10 அல்லது 11 கண்ணாடி உள்ள முகமூடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. அக்கா வீட்டில் இப்போது இரண்டு முகமூடி. வீட்டுப் பக்கமாக ஒரு தட்டியும் மறைத்திருக்கிறார்கள். பளபளக்கும் புதுத் தகரம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் அதற்கு மங்கலான சாம்பல் நிறப் பெயின்ற்.

புகையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. பயப்படுத்த எழுதவில்லை. திறந்த இடத்தில், காற்று முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டாகவோ வரும்படி நின்று, புகைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் ஒட்டினால் உள்ளே போகும் புகை பெருமளவு குறையும். இன்னொன்று, நாகம் பூசிய ஜி.ஐ. பைப். அதைப் பூச்சோடு ஒட்டினால் வெள்ளைப் புகை எழும். அன்று பின்னேரம் குளிர் நடுக்கமும் காய்ச்சலும், வாயில் ஒரு உலோக ருசியும் வரும். ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். "பால் குடிச்சால் சரி" என்று அண்ணரும் நம்பிக்கொண்டிருந்தார். பால் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இதைத் தடுக்காது. ஒட்டும் இடத்தில் பூச்சை முதலிலேயே உரஞ்சி எடுப்பதும், நல்ல காற்றோட்டமும்தான் வழி. கர்ப்பமாயிருக்கும் சகோதரிகள் அந்தக் காலத்தில் புகைப் பக்கமே போகாதிருப்பது நல்லது.

உடுப்பிலும் கவனம் வேண்டும். வீட்டோடு பட்டறை என்றால் வீட்டு உடுப்போடே வேலைக்கு இறங்கிவிடுகிறோம். பொலியெஸ்ரர் நைற்றியில் பொறி விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்திச் சேட், நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. தலைமயிரை முடிந்து துணியால் கட்ட வேண்டும். சிறிய கைக் கிரைண்டர் ஒரு நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றுவது. பின்னலின் நுனி அகப்பட்டால் நிறுத்த நேரம் இருக்காது. அதன் காவல் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் எங்கும் இருக்கிறது. வெடித்த தட்டு வயிற்றைக் கிழித்த சம்பவங்களை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சிநேகிதிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயின்ற் வேலையையும் இதோடு சொல்ல வேண்டும். தின்னர்ப் போத்தலைக் குசினி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துக் கலக்குவது வழக்கமாகிவிட்டது. தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு ஊர்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும்.

பழைய இரும்பு பற்றி எங்கள் மண்ணில் தனியாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. விலை குறைவென்று கொண்டுவரும் பழைய இரும்புக்குள் வெடிபொருளின் பாகம் இருக்கக்கூடும். என்னவென்று தெரியாத, மூடிய உருளை வடிவமான எதையும் வெட்டவோ சூடாக்கவோ தட்டவோ வேண்டாம். தொடாமல் விட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள். எண்ணெய் இருந்த வெற்றுப் பீப்பாயும் அவ்வாறே. வெறுமையாகத் தெரியும், உள்ளே ஆவி நிறைந்திருக்கும். கழுவாமல் வெட்டினால் வெடிக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். வீட்டு இணைப்பு அநேகமாக 30 அம்பியர். 230 வோல்ற்றால் பெருக்கினால் 6,900 வாற், இதுதான் எல்லை. பழைய பாரமான வெல்டிங் பெட்டி ஒன்று மட்டுமே இதில் பெரும் பகுதியை இழுத்துவிடும். அயல் வீடுகளின் மின்குமிழும் மங்கும். இன்வேர்ட்டர் வகை மெஷின் அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் எடுக்கிறது. ஒரு கையால் தூக்கக்கூடிய பாரந்தான் என்பதால் அக்காவும் எடுத்து வைக்கலாம். பட்டறைக்குத் தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், நிலத்தில் ஒழுங்காக இறக்கிய ஏர்த் கம்பி. இவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

கட்டணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கூட்டப்பட்டது. அதன் பிறகு குறைந்தும் கூடியும் வருகிறது. வீட்டுக் கட்டண முறையில் அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறும். பட்டறையையும் வீட்டு மீற்றரில் ஓட்டினால், வீட்டு மின்குமிழுக்கும் சேர்த்துக் கூடின விலை. கைத்தொழில் கட்டண வகையில் தனி இணைப்பு எடுப்பது பற்றி மின்சார அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்கு வியாபாரப் பதிவு கேட்பார்கள். இந்த இடத்தில்தான் அக்காவின் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது.

இன்வேர்ட்டர் மெஷினும் கிரைண்டரும் வெட்டும் மெஷினும் வாங்கக் கடன் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு வந்து, பெண்களைக் குழுவாக்கிக் கொடுக்கும் நுண்கடன். ஆண்களுக்கு அது கிடைக்காது. ஆகவே கடன் அக்காவின் பெயரில். ஒவ்வொரு கிழமையும் குழுக் கூட்டத்தில் முகம் காட்டித் தவணை கட்டுவது அவர். பிந்தினால் மற்றப் பெண்களின் முன்னால் பேச்சுக் கேட்பதும் அவர். காணியும் அவருடையது. ஆனால் சந்தியில் இருந்த காலத்திலிருந்தே வியாபாரப் பதிவு அண்ணரின் பெயரில் மட்டும். வாடிக்கையாளரின் காசோலை அவருடைய கணக்குக்கே போகிறது. நாளைக்கு இவர்களுக்குள் ஒரு பிரச்சினை வந்தாலோ, அண்ணருக்கு ஏதும் நேர்ந்தாலோ, கடன் முழுவதும் அக்காவின் தலையில். கடையில் அவருக்கு எழுத்தில் ஒரு துண்டும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. எங்கள் மாவட்டங்களில் நுண்கடன் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுபோனது என்பது வாசகிகளுக்குத் தெரியும். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடன்களில் பல, பெண்களின் தொழிலுக்காக எடுக்கப்பட்டவையே அல்ல. கணவனின் மோட்டார் சைக்கிளுக்கு, மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கு, கடைக்கு. கையெழுத்து மட்டும் பெண்ணுடையது.

நான் இதை மெதுவாக எடுத்துச் சொன்னபோது அண்ணர் கோபிக்கவில்லை. "அவவின்ர பேரில எடுத்தால்தானே தாறாங்கள் மிஸ். நான் என்ன செய்யிறது?" என்றார். உண்மைதான், ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. அக்காதான் தயங்கினார். "அவர் மனம் நோவார். சனம் என்ன கதைக்கும், மனுசிக்குப் பயந்து பேர் மாத்தினவர் எண்டு சொல்லாதோ?" ஒரு கிழமை அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது. அடுத்த முறை போனபோது பேச்சைத் தொடங்கியவர் அண்ணரே. வங்கியில் பெரிய கடனுக்கு விசாரித்திருக்கிறார். காணி உறுதி கேட்டிருக்கிறார்கள். காணி அக்காவுடையது, வியாபாரமோ அவருடையது. "ரெண்டு பேரின்ர பேரிலயும் போட்டால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?" என்று கேட்டார். நியாயத்தால் நகராதது வங்கிப் படிவத்தால் நகர்ந்தது. நகர்ந்தால் சரி!

கணவனும் மனைவியும் பங்காளர்களாக வியாபாரப் பெயரைப் பதியலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எடுக்கலாம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். பங்குடைமை என்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு பின்னர் செல்லாது. இவர்கள் பாதிக்குப் பாதி என்று எழுதினார்கள். பிரதேச சபையில் வியாபார அனுமதி பற்றியும், சுற்றாடல் அனுமதி தேவையா என்பது பற்றியும் ஒரே பயணத்தில் கேட்டுவிடுவது நல்லது. சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. கிரைண்டர் இதை எளிதில் தாண்டும். ஆகவே அயலாரோடு நேரம் பேசி வைப்பதே மேல். இவர்கள் வீட்டில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெட்டும் வேலை இல்லை. அது மகளின் படிப்பு நேரம். பெயின்ற் அடிப்பதும் அளவு குறிப்பதும் அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன.

அக்காவுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. கையால் வேலை தெரிந்து, கடதாசி இல்லாதவர்களுக்கு, அவர்களுடைய அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. வழங்கும் முறை உண்டு. முற்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட நிலையத்தில் விசாரிக்கலாம். வகுப்புக்கு மாதக்கணக்கில் போகத் தேவையில்லை. செய்த வேலைகளின் படங்களும் ஆதாரங்களும் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். "நான் ஒட்டுறேல்லையே மிஸ், பிடிக்கிறது மட்டும்தானே" என்றார் அக்கா. அப்படியானால் பழகுங்கள் என்றேன். இப்போது இரண்டு மாதமாகப் பின்னேரங்களில் கழிவுத் துண்டுகளில் ஒட்டிப் பழகுகிறார். முதல் கிழமை றொட் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்ததாம். அண்ணர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கிறார். கடைசியாக நான் போனபோது கோழிக்கூட்டுக்குச் சட்டம் ஒன்று முழுவதும் அவர் ஒட்டியது. ஒட்டு கொஞ்சம் தடிப்பு, ஆனால் உதறிப் பார்த்தேன், விடவில்லை.

புதிய பதிவுப் பத்திரம் வந்துவிட்டது. கொட்டிலின் தகரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறார்கள். தனி மின் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. நுண்கடனில் பதினாலு கிழமைத் தவணை மிச்சம். அதை அக்கா இப்போது வீட்டுச் செலவுக் கொப்பியில் எழுதுவதில்லை. பட்டறைக் கொப்பியில், றொட்டுக்கும் பைப்புக்கும் கீழே எழுதுகிறார்.